கத்தும் தண்ணீர்

கொழும்பு கிராண்ட்பாஸ் வீதியில் வீரகேசரிப் பத்திரிகைக் கட்டடத்தைத் தாண்டி, களனி கங்கைப் பக்கமாகக் கொஞ்சம் நடந்து ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால் ஒரு பத்தரின் பட்டறை. செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கு வேலை செய்து கொடுப்பவர். மனைவியின் சங்கிலிக் கொளுக்கி விட்டுப்போனதால் போயிருந்தேன். ஊதி ஒட்டி, மெருகு போட்டார். இடுக்குகளில் மெருகுப் பசை கறுப்பாய் அப்பியிருந்தது. முன்பெல்லாம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்ப்பார்கள். இவர் சங்கிலியை ஒரு சிறிய எவர்சில்வர் தொட்டிக்குள் விட்டு ஆளியைத் தட்டினார். ‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம். காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையை எண்ணெயில் போட்டதுபோல. சங்கிலியைச் சுற்றிக் கறுப்புப் புகை ஒன்று தண்ணீருக்குள் கலைந்தது. இரண்டு நிமிடத்தில் சங்கிலி பளபளத்தது.

தொட்டியின் பக்கத்தில் 40,000 ஹேர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. அதாவது, அடித்தட்டு ஒரு செக்கனில் நாற்பதாயிரம் தடவை அதிர்கிறது. இந்த எண்ணிக்கையைத்தான் நம் பாடப்புத்தகம் மீடிறன் என்கிறது. தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள். மனிதக் காது 20,000க்கு மேல் கேட்காது. என் வயதில் 14,000 கேட்டாலே பெரிய விஷயம். அப்படியென்றால் எனக்குக் கேட்ட அந்தப் பொரியல் சத்தம் யாருடையது?

“மிசின் சத்தம் பலமா இருக்கே ஐயா?” என்றேன்.

“மிசின் சத்தம் இல்ல தம்பி. தண்ணிதான் கத்துது,” என்றார். சொல்லிவிட்டு வலுவைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினார். சத்தம் படிப்படியாகக் குறையும் என்று எதிர்பார்த்தேன். ஓர் இடத்தில் சட்டென்று நின்றது. தொட்டி அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் வாயை மூடிக்கொண்டுவிட்டது. திரும்பவும் ஏற்றினார், அதே இடத்தைத் தாண்டியதும் மறுபடி ஸ்ஸ்ர்ர்.

பௌதிகவியலில் ஒரு பொது விதி உண்டு. தள்ளுவதற்கு நேர்விகிதத்தில் ஒரு பொருள் அசையுமானால், நீங்கள் கொடுத்த சுருதியில்தான் அது பதில் சொல்லும். இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு ஆட்டம், சுருதி மாறாது. இதற்குப் பெயர் நேரியல் நடத்தை. 40,000 போட்டால் 40,000 தான் திரும்பி வரவேண்டும். பத்தரின் தொட்டியிலோ போடாத சுருதிகள் வருகின்றன. சத்தம் சட்டென்று தொடங்குகிறது, சட்டென்று நிற்கிறது. எங்கேயோ நேர்விகிதம் முறிந்திருக்கிறது. அந்த முறிவு நடக்கும் இடம் குமிழி.

குமிழி ஒரு வில்சுருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைபிடியை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று திருப்பித் தள்ளும். குமிழிக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். சுருங்கினால் தள்ளும், விரிந்தால் இழுக்கும். வில்லின் நுனியில் தொங்கும் பாரம் எது? குமிழியைச் சூழ்ந்த தண்ணீர். வில்லும் பாரமும் சேர்ந்துவிட்டால் அதற்கென்று சொந்தமாக ஓர் ஆட்டம் வந்துவிடும். பெல்ஜியத்தில் பிறந்து நெதர்லாந்தில் பணியாற்றிய மார்சல் மின்னார்ட் என்ற வானியலாளர் 1933இல் இதைக் கணக்கிட்டார். ஒரு மில்லிமீற்றர் ஆரையுள்ள காற்றுக்குமிழி, தண்ணீரில் செக்கனுக்கு ஏறக்குறைய 3,260 தடவை ஆடும். ஆரை பத்து மடங்கானால் ஆட்டம் பத்திலொன்றாகும். ஓடை சலசலப்பதும், குடத்தில் தண்ணீர் நிரம்பும்போது களகளவென்பதும் தண்ணீர் தண்ணீரோடு மோதுவதால் அல்ல. அகப்பட்டுக்கொண்ட குமிழிகளின் பாட்டு அது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். குழாயிலிருந்து வாளிக்குள் ‘டிளிங்’ என்று சொட்டும் துளியின் ஓசையை 2018இல் கேம்பிரிட்ஜில் அனுராக் அகர்வாலும் அவருடைய மாணவர்களும் அதிவேகக் கமராவையும் நீருக்கடி ஒலிவாங்கியையும் வைத்து ஆராய்ந்தார்கள். துளி விழுந்த குழிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் குமிழி ஆடி, தண்ணீரின் மேற்பரப்பையே பறையின் தோல்போல அதிரவைக்கிறது என்று கண்டார்கள். வாளியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தைக் கொஞ்சம் விட்டால் ஓசை போய்விடும். இரவில் சொட்டும் குழாயால் தூக்கம் கெட்டவர்களுக்கு இது உடனடி உதவி. சவர்க்காரத்தை மறந்துவிடாதீர்கள், இந்தக் கதைக்குள் அது இன்னொரு முறை வரும்.

இதுவரை சொன்னது மெதுவாக ஆடும் குமிழி. கொஞ்சமாகத் தள்ளினால் அது நல்ல பிள்ளை, நேர்விகிதத்தை மீறாது. பலமாகத் தள்ளும்போதுதான் அதன் குணம் வெளிவரும். நாம் பள்ளியில் படித்த வில்சுருள் இரு பக்கமும் ஒரே மாதிரி. குமிழி அப்படியில்லை. விரிவதற்கு அதற்கு எல்லையே கிடையாது, சுருங்குவதற்கு உண்டு. உள்ளே இருக்கும் காற்று நசுங்க நசுங்கக் கல்லாகிவிடும். ஆகவே பெரிய ஆட்டத்தில் அது ஒரு பக்கம் சோம்பேறியாக ஊதிப் பெருத்து, மறுபக்கம் வெடுக்கென்று சுருங்கும்.

பத்தரின் தொட்டியில் நடப்பதும் அதுதான். ஒலி அலை என்பது அமுக்கத்தின் ஏற்ற இறக்கம். இறக்கத்தின் அளவு வளிமண்டல அமுக்கத்தையே விஞ்சிவிட்டால், அந்தக் கணத்தில் தண்ணீர் நெருக்கப்படாமல் இழுக்கப்படுகிறது. தூசியிலும் சுவரின் கீறலிலும் ஒளிந்திருக்கும், மைக்ரோன் கணக்கிலான வாயுப் பொட்டு திடீரென்று ஊதத் தொடங்கும். ஆரை பத்து மடங்கு ஊதினால் கனவளவு ஆயிரம் மடங்கு. அடுத்த கணம் அலை திரும்பி அமுக்க, ஏறக்குறைய வெறுமையாய்க் கிடக்கும் அந்தப் பள்ளத்தை நோக்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் பாய்கிறது. இப்படிக் குழிவு தோன்றி நொறுங்குவதை நீர்க்குழிவு என்று சொல்லலாம். பத்தர் குமிழைத் திருகியபோது சத்தம் சட்டென்று நின்ற இடம், இழுப்பு போதாமல் பொட்டுகள் ஊத மறுத்த இடம்.

இதை முதலில் கவனித்தவர்கள் கப்பல்காரர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகமாய்ச் சுழலும் உந்திகளின் வெண்கலம் சொத்தைப் பல்போலக் குழிந்துபோனது. பிரித்தானியக் கடற்படையின் இந்தத் தலைவலியைத் தொட்டு 1917இல் பௌதிகவியலாளர் ரேலி பிரபு ஒரு கணக்குப் போட்டார். உருண்டையான வெறுங்குழி ஒன்று தண்ணீருக்குள் மூடிக்கொண்டால், கடைசிக் கணத்தில் அதன் சுவரின் வேகம் எல்லையில்லாமல் ஏறும் என்று வந்தது. உண்மையில் உள்ளே அகப்பட்ட கொஞ்ச வாயு அதைத் தடுத்து நிறுத்தும். ஆனால் அப்படி நிறுத்துவதற்குள் அந்த வாயு படும் பாடு சாதாரணமானதல்ல.

அமெரிக்க வேதியியலாளர் கென்னத் சஸ்லிக்கின் குழு 1986இல் அந்த வெப்பநிலையை அளந்தது. குமிழிக்குள் வெப்பமானியை விடமுடியாது. அதற்குப் பதிலாக, வெப்பம் கூடக் கூட வெவ்வேறு வேகத்தில் நடக்கும் வேதித் தாக்கங்களை விட்டுப்பார்த்து, எது எவ்வளவு நடந்தது என்பதிலிருந்து வெப்பநிலையைப் பின்னோக்கிக் கணித்தார்கள். சுமார் 5,000 பாகை வந்தது. நொறுங்கும் குமிழிகள் மங்கலாக ஒளிர்வதை 1934இலேயே ஜெர்மனியில் பார்த்திருந்தார்கள். பின்னாளில், விண்மீனின் ஒளியைப் பிரித்து வெப்பநிலை சொல்வதுபோல, இந்த ஒளியைப் பிரித்தும் சொன்னார்கள். அதுவும் அதே அளவில்தான் நின்றது. பொன் உருகுவது 1,064 பாகையில். அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான சூடு, கையைச் சுடாத தண்ணீருக்குள், சங்கிலிக்கு அருகிலேயே கோடிக்கணக்கில் தோன்றி மறைகிறது. சங்கிலி உருகாததற்குக் காரணம் அந்தச் சூட்டின் அளவும் ஆயுளும்: மைக்ரோனுக்குள் அடங்கும் இடம், செக்கனின் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாத நேரம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஊரில் மாமரம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், சில மரங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் காய்க்கும். மழையும் வெயிலும் ஒவ்வொரு வருடமும்தான் வருகின்றன. ஆனால் ஒரு வருடம் கொட்டிக் காய்த்த மரம் களைத்துப்போய் அடுத்த வருடம் ஓய்வெடுக்கிறது. ஆண்டுக்கொரு தள்ளல், இரண்டாண்டுக்கொரு பதில். குமிழியும் அப்படியே. ஓர் அலைக்குப் பலமாக நொறுங்கித் துள்ளியெழுந்த குமிழி, அடுத்த அலை வரும்போது தயாராக இருக்காது. அதற்குச் சின்னதாக ஒரு ஆட்டம் போடும். அதற்கடுத்த அலைக்கு மறுபடி பலமாக. இரண்டு அலைக்கு ஒருமுறைதான் ஒரே காட்சி திரும்புகிறது. ஆக 40,000இல் தள்ளினால் 20,000இலும் ஓர் ஓசை பிறக்கிறது. தள்ளலை இன்னும் கூட்டினால் நான்கு அலைக்கு ஒருமுறை: 10,000. அது என் காதுக்கே கேட்கும்.

அரைச் சுருதி வருவதை ஜெர்மனியில் எஷே என்பவர் 1952இல் பதிவு செய்தார். கெட்டிங்கனில் வெர்னர் லவுட்டர்போர்னும் கிராமரும் 1981இல் அடுத்த படியைக் காட்டினார்கள். வலுவை ஏற்ற ஏற்றப் பாதி, காற்பங்கு, அரைக்காற்பங்கு என்று இறங்கி, ஒரு கட்டத்துக்குமேல் எந்த ஆட்டமும் திரும்பி வராத நிலைக்குத் தண்ணீர் போய்விடுகிறது. திரும்பி வராத ஆட்டத்தில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கும். சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடி முள்ளைத் திருகியவர்களுக்கு, இரண்டு நிலையங்களுக்கு இடையே கேட்கும் இரைச்சல் ஞாபகமிருக்கும். ஏறக்குறைய அதே இரைச்சல். ஒரு வித்தியாசம் உண்டு: இது தற்செயலின் இரைச்சல் அல்ல. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதன் விளைவாகவே வருகிறது. ஆனால் முந்தியதில் மயிரிழை மாறினாலும் பிந்தியது முழுக்க மாறிவிடும். இதைத்தான் அறிவியலார் கேயாஸ் என்கிறார்கள். ‘விதிக்குள் குழப்பம்’ என்று சொன்னால் எனக்குத் திருப்தி.

ஒரு குமிழியை வைத்தே இவ்வளவும். ஆனால் தொட்டியில் இருப்பது ஒன்றல்ல. லவுட்டர்போர்னின் குழு 1987இல் குமிழிக் கூட்டத்தை ஹோலோகிராம்களாக வரிசையாகப் படமெடுத்தபோது, அத்தனை குமிழிகளும் ஒன்றாகவே ‘ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்’ காய்ப்பதைக் கண்டது. தோப்பு முழுக்கப் பேசிவைத்ததுபோல. எந்த வாயால் பேசிக்கொண்டன?

ஒவ்வொரு குமிழியும் ஆடும்போது தானே ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதன் ஒலி பக்கத்துக் குமிழியைத் தள்ளும், பக்கத்துக் குமிழி இதைத் தள்ளும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், முன்னும் பின்னுமாய்த் தள்ளும் இந்த ஒலி, குமிழிகளை ஒன்றையொன்று நோக்கி நகர்த்திக்கொண்டும் போகிறது. ஆட்டம் எப்படி நகர்வாகும்?

காலிமுகத்திடலில் குடையோடு நிற்பதாக நினையுங்கள். காற்று ஒரு கணம் கடலை நோக்கியும் மறுகணம் வீதியை நோக்கியும் ஒரே வலுவில் மாறி மாறி அடிக்கிறது. குடையை விரித்தே வைத்திருந்தால் முன்னும் பின்னும் ஆடுவீர்கள், எங்கும் போகமாட்டீர்கள். கடலை நோக்கி அடிக்கும்போது மட்டும் விரித்து, திரும்பி அடிக்கும்போது மடக்கினால்? கொஞ்ச நேரத்தில் கால் நனைந்துவிடும். குமிழிக்கு அதன் பருமன்தான் குடை. பக்கத்துக் குமிழி நன்றாக ஊதியிருக்கும் கணத்தில் அதன் அருகே அமுக்கம் குறைவு, இழுப்பு அதை நோக்கி. அதே கணத்தில் நம் குமிழியும் ஊதியிருந்தால் விரித்த குடை, நன்றாக இழுபடும். பக்கத்துக் குமிழி சுருங்கியிருக்கும்போது தள்ளல் வெளிநோக்கி. அப்போது நம் குமிழியும் சுருங்கியிருப்பதால் மடித்த குடை. மிச்சம் நிற்பது ஈர்ப்பு. ஒன்று ஊதும்போது மற்றது சுருங்கினால் எல்லாம் தலைகீழாகி விலகல்.

எது சேர்ந்து ஊதும், எது எதிராக ஊதும்? றப்பர் வளையத்தில் ஒரு திறப்பைக் கட்டித் தொங்கவிட்டு, கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் திறப்பு கையோடு போகும். வேகமாக அசைத்தால் கைக்கு எதிராகப் போகும். நடுவில் ஓரிடத்தில் ஆட்டம் பேயாட்டமாகும், அதுதான் பரிவு. 40,000க்குப் பரிவு கொள்ளும் குமிழியின் ஆரை சுமார் 0.08 மில்லிமீற்றர். அதைவிடச் சிறியவை எல்லாம் ஒரு கட்சி, பெரியவை மறு கட்சி. ஒரே கட்சிக்காரர் நெருங்குவர், எதிர்க்கட்சிக்காரர் விலகுவர். தொட்டியில் வேலை செய்யும் குமிழிகள் ஏறக்குறைய எல்லாம் சின்னக் கட்சி. ஆகவே ஒன்றை ஒன்று தேடிப் போகின்றன.

இந்த விசைக்குப் பியர்க்னெஸ் விசை என்று பெயர். நோர்வேக்காரரான கார்ல் அன்டன் பியர்க்னெஸ், தண்ணீருக்குள் துடிக்கும் சிறு முரசுகளைச் செய்து, மகன் வில்ஹெல்மின் துணையோடு 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் காட்டினார். அவர் தேடியது குமிழியை அல்ல. மின்னேற்றங்களின் கவர்ச்சியையும் விலகலையும் திரவத்தின் துடிப்பால் விளக்கிவிடலாம் என்று நம்பினார். குறி நேர் எதிராக வந்தது. மின்னில் ஒத்தவை விலகும், இங்கே ஒத்தவை கூடும். தந்தையின் கனவு கலைந்தது. மகன் திரவங்களின் கணக்கைக் காற்றுமண்டலத்துக்குக் கொண்டுபோய் நவீன வானிலை முன்னறிவிப்புக்கு அடித்தளம் போட்டார்.

இப்போது சங்கிலி எப்படிச் சுத்தமாகிறது என்பதைச் சொல்லலாம், எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான். சரிசமமான இரண்டு குமிழிகள் சேர்ந்து ஆடினால், இரண்டுக்கும் நடுவிலுள்ள தளத்தைத் தண்ணீர் எந்தப் பக்கமும் கடக்காது. இங்கிருந்து வருவதும் அங்கிருந்து வருவதும் சரிக்குச் சரி. ஓர் உலோகச் சுவரையும் தண்ணீர் கடக்காது. ஆகவே சுவருக்கருகே தனியாக ஆடும் குமிழிக்கு, எதிரே இருப்பது சுவரா இன்னொரு குமிழியா என்று சொல்லத் தெரியாது. கண்ணாடியில் தன் நிழலைக் கண்ட கோழிபோல, சுவருக்குப் பின்னே தன்னைப்போல் ஒன்று இருப்பதாக அது நடந்துகொள்கிறது. அந்த இல்லாத இரட்டையை நோக்கி, அதாவது சங்கிலியை நோக்கி, ஈர்க்கப்படுகிறது. போய்ச் சேர்ந்து நொறுங்கும்போது சுவர்ப் பக்கம் பாய்ந்துவரத் தண்ணீர் குறைவு, வெளிப்பக்கம் தாராளம். வெளிப்பக்கம் முந்திக்கொண்டு உள்ளே புகுந்து, குமிழியை ஊடுருவி, செக்கனுக்குச் சுமார் நூறு மீற்றர் வேகத்தில் ஓர் ஊசித் தாரையாய்ச் சங்கிலியில் அடிக்கும். தூரிகை நுழையாத இடுக்கில் அழுக்கைப் பெயர்ப்பது அந்த ஊசி. கப்பலின் வெண்கலத்தைத் தின்றதிலும் அதற்குப் பங்கு உண்டு. முத்து, பவளம், எண்ணெயூட்டிய மரகதம் பதித்த நகையை இந்தப் பத்தர் தொட்டிப் பக்கமே கொண்டுபோகமாட்டார். ஏன் என்று அவர் விளக்கியதில்லை, ஒருதடவை பட்டிருப்பார்.

கூட்டம் பெரிதானால் இன்னொரு விஷயம் நடக்கும். அதைக் காணத் தொட்டி வேண்டாம், தேத்தண்ணிக் கடை போதும். நன்றாக ஆற்றி நுரைக்கவைத்த நெஸ்டமோல்ட் ஒரு கனமான கோப்பையில் வரட்டும். கரண்டியால் அடியில் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்கும்; தட்டத் தட்ட, குமிழிகள் மேலேறிப் போகப் போக, சுருதி ஏறி ‘டிக்’ ஆகும். அமெரிக்காவில் பெர்க்லியில் ஃபிராங்க் க்ராஃபோர்ட் 1982இல் இதைச் சுடு சொக்கலேட்டில் ஆராய்ந்து எழுதினார். தண்ணீரில் ஒலி செக்கனுக்கு 1,500 மீற்றர் அளவில் போகும், காற்றில் 340. நூற்றில் ஒரு பங்கு காற்றைக் குமிழியாகக் கலந்தால் எவ்வளவாகும்? இரண்டுக்கும் நடுவில் என்றுதான் யாரும் சொல்வார்கள். விடை 120க்குப் பக்கத்தில். இரண்டையும்விடக் குறைவு. கலவை தண்ணீரைப்போலவே பாரமாகவும், குமிழிகளால் பஞ்சைப்போல மென்மையாகவும் ஆகிவிடுவதால், பாரமான பஞ்சில் அலை ஊர்ந்துதான் போகவேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையில் ரயில் பாதை ஓரம் நின்று கேட்டால், அலை உடையும்போது ‘ஷ்ஷ்’ என்ற நுரைச் சத்தத்துக்கு அடியில் ஓர் உறுமல் இருக்கும். நுரையிலுள்ள தனிக் குமிழிகள் எதுவும் அவ்வளவு கீழே பாடாது. குமிழி மேகம் முழுவதும் ஒரே பெரிய குமிழிபோல ஆடுவதாலும் அந்த உறுமல் வரலாம் என்று புரோஸ்பெரெட்டி போன்ற ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் வாதிட்டார்கள்.

கூட்டத்தால் இலாபம் மட்டுமல்ல, நட்டமும் உண்டு. வெளியே நிற்கும் குமிழிகள் ஒலியை வாங்கிக்கொண்டு உள்ளே நிற்பவற்றுக்கு நிழலாகிவிடும். ஒட்டிக்கொண்டால் இரண்டு கலந்து பெரிதாகி, எதிர்க்கட்சியில் சேர்ந்து மிதந்து போய்விடும். இதை அழகாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு ஒன்றில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் ஒலிவேதியியல் பேராசிரியரான முத்துப்பாண்டியன் அசோக்குமார், ஃபிரான்ஸ் கிரீசர் முதலியோருடன் 1997இல் வெளியிட்ட வேலை அது. ஒலியால் அதிரும் தண்ணீரில் சவர்க்காரத் தன்மையுள்ள ஒரு பொருளைச் சிறுகச் சிறுகக் கலந்தார்கள். பற்பசையிலும் இருக்கும் சோடியம் டோடெசில் சல்பேற்றுதான் அது. குமிழிகள் நொறுங்கும்போது வரும் ஒளி முதலில் கூடியது. மேலும் கலந்தபோது பழையபடி குறைந்தது. கூடியதற்குக் காரணம் சவர்க்காரமா, அல்லது சவர்க்காரம் சுமக்கும் மின்னேற்றமா? கறியுப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். உப்பு, மின்னேற்றங்களை ஒன்றின் கண்ணிலிருந்து ஒன்றை மறைக்கும். ஒளியின் கூடுதல் மறைந்துபோனது.

இதன் பொருளை யோசித்தால் இனிக்கிறது. சவர்க்கார மூலக்கூறுகள் குமிழியின் தோலில் போய் உட்கார்ந்து எல்லாக் குமிழிக்கும் ஒரே மின்னேற்றத்தைக் கொடுக்கின்றன. மின்னில் ஒத்தவை விலகும். ஒலி கூட்டிவைக்கிறது, மின் பிரித்துவைக்கிறது. நெருக்கம் தளர, நிழல் குறைய, உள்ளே இருந்த குமிழிகளுக்கும் ஒலி போய்ச் சேர, எல்லாம் சேர்ந்து அதிகமாய் ஒளிர்கின்றன. பியர்க்னெஸ் எந்த இரண்டை ஒன்றென்று காட்ட ஆசைப்பட்டாரோ, அந்த இரண்டும் நூறு வருடம் கழித்து ஒரு கண்ணாடிக் குவளைக்குள் எதிரெதிராக இழுத்துப்பார்த்தன.

மருத்துவர்கள், இரு பக்கமும் ஒரே மாதிரி ஆடாத குமிழியின் கோணல் குணத்தையே வேலைக்கு அமர்த்திவிட்டார்கள். செங்குருதிக் கலத்தைவிடச் சிறிய, கொழுப்புத் தோல் போர்த்த குமிழிகளை நாளத்தில் ஏற்றி ஸ்கேன் செய்வது இப்போது வழமை. அந்தப் பருமனுக்குப் பரிவான மீடிறன் செக்கனுக்குச் சில மில்லியன். ஸ்கேன் கருவி பயன்படுத்துவதும் அதே வீச்சுத்தான், யாரும் திட்டமிடாத அதிர்ஷ்டம். ஒரு சுருதியில் கேட்டால் தசை பெரும்பாலும் அதே சுருதியில் பதில் சொல்லும். கோணல் குமிழியோ ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்த்துச் சொல்லும். மேல் ஸ்தாயியை மட்டும் கேட்டால் இரத்தம் ஓடும் வழி தனியாய்த் தெரியும்.

தண்ணீரைக் கத்தவைக்கும் வித்தை மனிதருக்கு மட்டும் சொந்தமில்லை. வெப்பக் கடல்களின் ஆழமற்ற பாறைப் பகுதிகளில் சொடுக்கு இறால் என்று ஒன்று உண்டு, விரல் நீளம்கூட வராது. அதன் ஒரு கொடுக்கு மற்றதைவிட மிகப் பெரிது. அதைப் படீரென்று மூடினால் பாயும் நீர்த்தாரையில் ஒரு குழிவு பிறந்து நொறுங்கும். சத்தம் கொடுக்குகள் மோதுவதால் அல்ல, குமிழி நொறுங்குவதால் என்று வெர்ஸ்லூயிஸ், ஷ்மிட்ஸ், லோஸெ ஆகியோர் 2000இல் அதிவேகப் படங்களால் காட்டினார்கள். மறுவருடம் அந்தக் குமிழி ஒளிர்வதையும் கண்டார்கள். ஆயிரக்கணக்கான இறால்கள் சேர்ந்து எழுப்பும் அந்த இரைச்சலைக் கேட்டவர்கள் எண்ணெயில் பொரிக்கும் சத்தம் என்றுதான் வருணிக்கிறார்கள். இறால் பதித்த இஸ்ஸோ வடையின் ஞாபகம் எனக்குத் தற்செயலாக வந்ததல்ல போலும்.

போனவாரம் சங்கிலியை மறந்துவிட்டு, ஒரு துண்டு அலுமினியத் தாளோடு பட்டறைக்குப் போனேன். தொட்டிக்குள் அதைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் ஓடவிடச் சொன்னேன். வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாள் முழுக்க ஊசித் துளைகள், ஆனால் சமமாக இல்லை. துளை அடர்ந்த பட்டை ஒன்று, ஏறக்குறைய துளையே இல்லாத பட்டை ஒன்று, மறுபடி அடர்ந்த பட்டை. அடர்ந்த இரண்டுக்கும் இடையே சுமார் இரண்டு சென்ரிமீற்றர். 40,000 ஹேர்ட்ஸ் ஒலிக்குத் தண்ணீரில் அரை அலைநீளம் அவ்வளவுதான். மேலே போன அலையும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்து சில மட்டங்களில் ஆட்டத்தைக் கூட்டி, சிலவற்றில் அழித்துவிட்டிருக்கின்றன. அடர்ந்த பட்டைக்குள்ளேயும் துளைகள் ஒழுங்காக இல்லை. வேர்போலக் கிளை கிளையாக ஓடின. குமிழிகள் ஒன்றையொன்று தேடிப்போன தடம் என்றே எனக்குப் பட்டது. கெட்டிங்கன் குழு 1997இல் கணக்கிட்டபடி, இவ்வளவு வலுவான ஒலியில் அந்த ஈர்ப்பு பியர்க்னெஸின் பழைய கணக்கைவிடப் பல மடங்கு பெரிது. சில இடங்களில் ஈர்ப்பே விலகலாகவும் மாறிவிடும்.

பத்தர் தாளைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப இந்தக் கோட்டுக்கு நேராச் சங்கிலியத் தொங்கவிட்டா நல்லாச் சுத்தமாகும்?”

“ஆகும் ஐயா.”

“ஆனாச் சங்கிலியப் போட்டாக் கோடு மாறிருமே தம்பி?”

மாறும் என்றேன்.